காம்பு தானாக விடும் வரை...

பாபர் அழுதிருக்கிறார், தெரியுமா உங்களுக்கு? தோற்றுப் போய் இல்லை. 1526-ல் பானிபட்டில் ஜெயித்து, டெல்லி, ஆக்ரா எல்லாம் கைக்கு வந்த பிறகு! ஒரு முலாம்பழத்தை அறுத்துச் சாப்பிட்டபோது ஊர் ஞாபகத்தில் கண் கலங்கிவிட்டதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். இந்துஸ்தானத்தில் நல்ல முலாம்பழமே கிடையாது என்பது அவருடைய பெரிய குறை. புலம்பியதோடு நிற்கவில்லை மனுஷர். பல்க் ஊர்த் தோட்டக்காரர் ஒருவரைப் பிடித்து ஆக்ராவில் தன் தோட்டத்திலேயே பயிரிட வைத்தார்.

ஆக, வீட்டுத் தோட்டத்தில் முலாம்பழம் என்பது சக்கரவர்த்தி சமாசாரம். நமக்கு ராஜ்யம் இல்லை. மொட்டை மாடி இருக்கிறது. (அதுவும் ஹவுஸ் ஓனருடையது.)

கடையில்தான் குவித்து வைத்திருக்கிறார்களே, எதற்கு இந்த வேலை என்பீர்கள். நியாயமான கேள்வி. பதிலுக்கு ஒரு எதிர்க்கேள்வி. ஜூஸ் கடைக்காரர் கிர்ணி ஜூஸில் ஏன் அத்தனை ஸ்பூன் சர்க்கரை போடுகிறார்?

விஷயம் இதுதான். வாழைக்காய், மாங்காயெல்லாம் மாவுச்சத்தை டெபாசிட் போட்டு வைத்திருக்கும். பறித்த பிறகும் அதை உடைத்துச் சர்க்கரை ஆக்கிக்கொள்ளும். முலாம்பழத்துக்கு அந்த சேமிப்பு கிடையாது. இலைகள் வெயிலில் சம்பாதித்து அனுப்புகிற அன்றாட வரவுதான். காம்பை வெட்டிய நிமிஷம் வரவு கட்! அப்புறம் பழம் மெத்தென்று ஆகும், வாசனை வரும்... ஆனால் இனிப்பு ஒரு சிட்டிகைகூட ஏறாது. அந்த இனிப்பும் பெரும்பாலும் கடைசி சில நாளில்தான் ஏறுகிறது. வெளியூர் போக வேண்டிய பழத்தை விவசாயி அதுவரை விட்டு வைக்க முடியாது. லாரியில் நசுங்கிவிடும்.

உங்கள் மாடியிலிருந்து சமையலறைக்கு லாரி தேவையில்லை. அதுதான் பாயின்ட்.

தை மாதம் ஆரம்பியுங்கள். பனி குறைந்து வெயில் ஏறுகிற நேரம். விதைக்கு, பெங்களூர் ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்து ரகமான அர்கா ஜீத் கிடைத்தால் விசேஷம். சின்னப் பழம், நல்ல இனிப்பு. ஒரு அடி ஆழமாவது உள்ள பெரிய பையில் செம்மண், தென்னை நார்த்தூள், மக்கிய தொழுவுரம், கொஞ்சம் மணல். ஒரு பைக்கு இரண்டு விதை, அரை அங்குல ஆழம். ஒரு வாரத்துக்குள் முளைக்கும். நன்றாக வளர்வதை விட்டுவிட்டு இன்னொன்றைக் கிள்ளிவிடுங்கள். தினம் ஆறு மணி நேரம் வெயில் கட்டாயம். தண்ணீர் காலையில், வேருக்கு மட்டும். இலையைக் குளிப்பாட்டினால் நோய் வரும். மாடிச் சுவரோரம் கயிறு கட்டிக் கொடியை ஏற்றுங்கள்.

ஒரு மாதத்தில் மஞ்சள் பூ வரும். உடனே அலுவலகத்தில் ஸ்வீட் கொடுத்துவிடாதீர்கள். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ. நம்மைப் போல சும்மா வந்து நின்றுவிட்டு உதிர்ந்துபோகும். பத்து நாள் கழித்துத்தான் அடியில் குட்டிப் பிஞ்சோடு காய்க்கும் பூ வரும். தேனீ வந்தால் அது பார்த்துக்கொள்ளும். எங்கள் தெருவில் கொசு உண்டு, தேனீ இல்லை. எனவே தரகர் வேலை எனக்கு! காலை ஆறரை மணிக்கு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, மகரந்தத்தைப் பிஞ்சுள்ள பூவின் நடுவே மெதுவாகத் தடவ வேண்டும். மத்தியானத்துக்கு மேல் போனால் பலிக்காது. அஞ்சே நிமிஷம். எட்டரை மணி ட்ரெயினைப் பிடிக்கிறவர்களும் தாராளமாகச் செய்யலாம்.

"என்னங்க, பூவுக்குக் கல்யாணம் பண்ணி வெக்கறீங்களா?" என்றாள் மனைவி.

"ஆமா. ஜாதகம் பார்க்கலை" என்றேன்.

ஒரு கொடிக்கு இரண்டு, மூன்று பிஞ்சு போதும். பேராசைப்பட்டால் எல்லாமே சப்பென்று இருக்கும். எலுமிச்சை அளவு வந்ததும் துணிப்பை மாட்டிவிடுங்கள். பழ ஈ அண்டாது. கனம் ஏறினால் பழைய பனியனில் தொட்டில் கட்டுங்கள்.

அதன் பிறகு சுமார் நாற்பது நாள் காத்திருப்பு. இதுதான் நிஜப் பரீட்சை. என் முதல் பழம் தோல் மஞ்சளாகி வாசனை பிடித்த வாரம், மாமனார் வந்திருந்தார். திண்டிவனம் பக்கம் முப்பது வருஷம் கிர்ணி போட்டவர். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட். "அப்பா ஊருக்குப் போறதுக்குள்ள அறுத்திடலாங்க" என்று மனைவி கத்தியோடு மாடிக்கே வந்துவிட்டாள்.

மாமனார் குனிந்து காம்பைப் பார்த்தார். "வேணாம்மா" என்றார். என் பக்கம் திரும்பினார். "மாப்ளே, நாங்க லாரிக்காரனுக்காகப் பறிச்சோம். கொடியிலயே பழுத்துட்டா அதை அவன் எடுக்க மாட்டான், கழிவுன்னு ஒதுக்கிடுவான். உங்களுக்கு என்ன அவசரம்?"

நல்ல பழத்துக்குச் சந்தையில் கழிவு என்று பெயர்! பி.காம். படித்தபோது இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

டிக்கெட்டை கேன்சல் செய்தார் மனுஷர். நான் தண்ணீரைப் பாதியாகக் குறைத்தேன். கடைசி வாரம் தண்ணீர் அதிகமானால் இனிப்பு நீர்த்துப் போகும், தோல் வெடிக்கும். சனிக்கிழமை காம்பைச் சுற்றி மெல்லிய கீறல் தெரிந்தது. ஞாயிறு காலை கையை அடியில் கொடுத்து லேசாகத் தூக்கினேன். இழுக்கவில்லை, வெட்டவில்லை... கொடி தானாகவே விட்டுவிட்டது.

நாலு பேருக்கு நாலு துண்டு. நாலாவது, ஹவுஸ் ஓனருக்கு. சர்க்கரை டப்பாவை யாரும் தேடவில்லை. மாமனார் தோல் வரை சுரண்டிச் சாப்பிட்டுவிட்டு விதைகளைக் கழுவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

வரவு செலவு? பை, மண், உரம், விதை எல்லாம் சேர்த்து 640 ரூபாய். பழம் மூன்று. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார். ஆனால் பையும் மண்ணும் அடுத்த வருஷத்துக்கும் இருக்கின்றன. தவிர, கடையில் பேரம் பேசுகிற வாய் எனக்குக் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. ஒரு பழத்துக்கு ஒருவர் கிட்டத்தட்ட தொண்ணூறு நாள் காவல் நிற்கிறார், சார்!