நைலானுக்குள் களிமண்

சென்ற வாரம் கண்ணாடி இழையூட்டிய நைலானைப் பார்த்தோம். நூற்றுக்கு முப்பது பங்கு வரை இழையைச் சேர்த்து வலிமையைச் சம்பாதிக்கும் அம்முறையில், பண்டத்தின் கனமும் கூடவே ஏறிவிடுகிறது. அவ்வளவு அந்நிய வஸ்துவைத் திணிக்காமல், நாலைந்து பங்கைக் கொண்டே நைலானைத் திடப்படுத்த முடியுமா என்ற கேள்விக்கு, 1980-களில் ஜப்பானின் ஐச்சி மாகாணத்திலுள்ள டொயோட்டா மத்திய ஆராய்ச்சிக்கூடத்தில் அகானே ஒகாடா, அரிமிட்சு உசுகி முதலிய விஞ்ஞானிகள் கண்ட விடை, களிமண்.

மான்ட்மோரிலோனைட் என்ற அந்தக் களிமண் நமக்குப் புதியதன்று. கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் நிலம் மழையில் உப்பிக் குழைவதும், கோடையில் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிப்பதும் இந்த இனத்துக் கனிமத்தின் குணவிசேஷத்தால்தான். ஒரு நானோமீட்டர் தடிப்பே உள்ள சிலிகேட் தகடுகள், சீட்டுக்கட்டைப் போல அடுக்கடுக்காக அமைந்து, இடுக்குகளில் சோடியம் முதலிய அயனிகளைப் பிடித்து வைத்திருக்கின்றன. நீர் புகுந்தால் விலகி, நீர் வற்றினால் நெருங்குகின்றன. அத்தனை தகடுகளையும் தனித்தனியே பிரித்துவிட்டால், ஒரு கிராம் மண்ணில் சுமார் 750 சதுர மீட்டர் பரப்புக் கிடைக்கும்.

ஆனால், நீருக்கு இணங்கும் அந்த இடுக்கு நைலானுக்கு இலேசில் இணங்குவதில்லை. ஆகவே அவர்கள் முதற்காரியமாகக் களிமண்ணை வெந்நீரில் கரைத்துப் பரப்பி, 12-அமினோலாரிக் அமிலத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தோடு சேர்த்து அதில் வார்த்தார்கள். சோடியம் வெளியேற, அதன் ஸ்தானத்தில் குடியேறிய சேதன அயனி, ஒரு முனையால் தகட்டைப் பற்றிக்கொண்டு, மறுமுனையிலுள்ள அமிலத் தொகுதியால் நைலான்-6-இன் மூலப்பொருளான காப்ரோலாக்டத்தோடு பிணைப்புக்குத் தயாராக நின்றது. உருகிய காப்ரோலாக்டம் இடுக்குகளில் நிறைந்து, 250 டிகிரி உஷ்ணத்தில் வளையம் திறந்து சங்கிலியாக நீளும்போது, அந்தச் சங்கிலிகளே தகடுகளை நெட்டித் தள்ளிப் பிரித்துவிட்டன. எக்ஸ்-கதிர்ப் பரிசோதனையில் அடுக்குகளின் இடைவெளியைக் குறிக்கும் உச்சி அறவே மறைந்தது. அடுக்கே குலைந்த பிறகு இடைவெளி ஏது? எலக்ட்ரான் நுண்ணோக்கியின் கீழ், நைலானெங்கும் மெல்லிய கறுத்த கோடுகள் சிதறிக் கிடந்தன.

நூற்றுக்கு நான்கு பங்கு மண்ணே சேர்ந்த அந்தப் பதார்த்தத்தின் இழுவலிமை 69 மெகாபாஸ்கலிலிருந்து 107-க்கு உயர்ந்தது. விறைப்பு ஏறத்தாழ இரட்டித்தது. இவற்றினும் மேலாக என்னை வியக்கவைப்பது, பாரம் ஏற்றிய நிலையில் அது வளையத் தொடங்கும் உஷ்ணநிலை 65 டிகிரியிலிருந்து 150 டிகிரியை எட்டியதே. மோட்டாரின் சூட்டருகே நைலானை நிறுத்த இதனால்தான் துணிந்தார்கள். உபே நிறுவனத்தின் ஒத்துழைப்போடு, டொயோட்டா வண்டியில் டைமிங் பெல்ட்டின் உறையாக அது அமர்ந்தது. அதே மண்ணைப் பக்குவப்படுத்தாமல் வெறுமே கலந்தால், இந்தப் பலனில் சொற்பமே கிட்டும். நானோ என்ற பெயரை ஒட்டியே பண்டத்தை விற்கப் பார்க்கும் வியாபாரிகள் இதைக் கவனிப்பது நல்லது.

ஆலைக்காரர்களோ, தயாராக உள்ள நைலான் மணிகளையும் பக்குவம் செய்த மண்ணையும் இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடரில் உருக்கிக் கலக்கவே விரும்புகிறார்கள். அதில் சங்கடங்கள் இல்லாமலில்லை. நைலான்-6 உருகுவது 220 டிகிரியில். மண்ணில் ஏற்றிய அம்மோனிய உப்புகளிற் பலவோ 200 டிகிரியை ஒட்டியே சிதையத் தொடங்கிவிடும். மணிகளை முன்கூட்டி நன்றாக உலர்த்தாவிட்டால், ஈரம் உருகலில் சங்கிலிகளை அறுத்துவிடும். திருகின் வேகத்தைக் கூட்டி முரட்டுத்தனமாக அரைப்பது மட்டும் தகடுகளைப் பிரித்துவிடாது. நைலான் இடுக்குகளில் ஊடுருவப் போதிய அவகாசமும் வேண்டும்.

இத்தனையும் செய்து முடித்தாலும் ஒரு நஷ்டம் உண்டு: விறைப்பு ஏற ஏற, அறுபடுமுன் நீளும் சுபாவம் குறைந்துவிடுகிறது. அடிபடும் பாகங்களுக்கு வேண்டும்போது ரப்பர்த் துகள்களையும் கூடச் சேர்க்கிறார்கள். அதனால், மண் தந்த விறைப்பில் ஒரு பகுதியை ரப்பர் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

(தொடரும்)