முதிர்வு நாளின் கணக்கு

மறைமலை நகரை அடுத்த ஒரகடத்தில் உருவாகும் ராயல் என்ஃபீல்டு வண்டிகளை அறியாதவர் இலர். அவற்றைத் தயாரிக்கும் ஐச்சர் மோட்டார்சு நிறுவனத்தின் பங்கு தேசியப் பங்குச்சந்தையில் விற்கப்படுகிறது. அப்பங்கின்மீது 'ஆப்ஷன்' எனப்படும் விருப்ப ஒப்பந்தங்களும் அங்கே கைமாறுகின்றன. வண்டியின் திருகை முடுக்கும் தொழிலாளியும் இடைவேளையில் கைப்பேசி வழியே அதனை வாங்கிவிடலாம். அவ்வொப்பந்தம் எவ்வாறு முடிகிறது என்பதை அறிவதே கடினம்.

குறித்த நாளில், குறித்த விலைக்கு, ஒன்றை வாங்கவோ விற்கவோ பெறும் உரிமையே விருப்ப ஒப்பந்தம். அவ்வுரிமைக்குச் செலுத்தும் தொகை பிரீமியம். மனைக்குக் கொடுக்கும் அச்சாரம் போன்றது இது எனலாம். ஆயினும் அச்சாரம் விலையில் கழியும், பிரீமியம் கழியாது. குறித்த அந்நாள் முதிர்வு நாள். அதற்கு முன்னர் உரிமையைப் பிறருக்கு விற்கலாம், செயற்படுத்த இயலாது.

குறியீட்டெண்மீதான ஒப்பந்தத்தின் முடிவு எளிது. நிஃப்டி என்பது 50 நிறுவனப் பங்குகளின் விலைகளைக் கொண்டு கணிக்கப்படும் எண். எண்ணை மூட்டை கட்டி எவர் வீட்டிலும் இறக்க முடியாதன்றோ? ஆகவே பணத்தால் கணக்குத் தீர்க்கப்படும். 25,000 புள்ளிக்கு வாங்கும் உரிமை பெற்றவருக்கு, நிஃப்டி 25,120இல் முடிந்தால், அலகு ஒன்றுக்கு 120 ரூபாய் வரவாகும். 25,000க்குக் கீழே முடிந்தால் ஒன்றுமில்லை. கொடுத்த பிரீமியமும் போயிற்று. இத்தகைய முடிவுகள் வாரந்தோறும் வருவதே சூதாட்ட ஆசையைத் தூண்டுகிறது. 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இவ்வகை வணிகத்தில் ஈடுபட்ட தனிநபர்களுள் 93 விழுக்காட்டினர் இழப்படைந்தனர் என்று செபியின் ஆய்வு கூறுகிறது. ஒரு சந்தைக்கு ஒரு குறியீட்டெண்ணில் மட்டுமே வாராந்திர முதிர்வு என 2024 நவம்பரில் செபி வரையறுத்தது.

தனிப் பங்கின் கதை வேறு. அதுவும் முன்பு பணத்தாலேயே தீர்க்கப்பட்டது. 2018இல் தொடங்கிப் படிப்படியாக மாற்றப்பட்டு, 2019 அக்டோபர் முதல் எல்லாப் பங்கு ஒப்பந்தங்களும் பங்கையே கொடுத்து வாங்கித் தீர்க்கப்படுகின்றன.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் காண்போம். ஒரு பங்கை 5,000 ரூபாய்க்கு வாங்கும் உரிமையை ஒருவர் பெறுகிறார். ஒப்பந்தத்தில் 100 பங்குகள். பிரீமியம் 6,000 ரூபாய். முதிர்வு நாளில் பங்கின் விலை 4,999இல் முடிந்தால் 6,000 ரூபாய் இழப்போடு கணக்கு முடியும். 5,010இல் முடிந்தாலோ உரிமை தானாகவே செயற்படும்; அவர் 5,00,000 ரூபாய் செலுத்தி 100 பங்குகளையும் ஏற்க வேண்டும். முற்றிலும் தோற்றவருக்கு மேலும் பொறுப்பில்லை. சற்றே வென்றவர்தாம் ஐந்து இலட்சத்திற்கு அலைய வேண்டும்! விற்கும் உரிமை பெற்றவர் நிலையோ இன்னும் இக்கட்டானது. கையில் பங்கு இல்லாவிடில், சந்தை ஏலத்தில் அதனை வாங்கி உரியவருக்குக் கொடுக்கும். விலை வேறுபாடு இவர் தலையில் விழும்.

இதனாலேயே முதிர்வுக்கு முந்தைய நான்கு வணிக நாள்களில், இலாப நிலையிலுள்ள பங்கு ஒப்பந்தங்களுக்கு வைப்புத்தொகை நாளுக்கு நாள் உயர்த்தப்படுகிறது. அதனைச் செலுத்த இயலாதவரின் ஒப்பந்தத்தைத் தரகு நிறுவனமே விற்றுவிடுவதும் உண்டு.