கருவிக்குச் சங்கடம் தரும் பாட்டு

லட்சக்கணக்கில் விலை சொல்லும் ஸ்டீரியோ கருவிகளைப் போட்டுக் காட்டும் அறைகளில் ஒலிக்கும் பாடல்கள், உலகின் எந்த மூலையானாலும், பெரும்பாலும் ஒரே பட்டியலிலிருந்து வருபவை. 1994-இல் ஈகிள்ஸ் குழு 'ஹெல் ஃப்ரீசஸ் ஓவர்' தொகுப்புக்காக மேடையில் வாசித்த 'ஹோட்டல் கலிஃபோர்னியா', 1976 டிசம்பரில் ஸ்டாக்ஹோமின் ஸ்டாம்பென் கிளப்பில் பதிவான 'ஜாஸ் அட் தி பான்ஷாப்', கிட்டாரும் மெல்லிய பெண் குரலும் மட்டுமே உள்ள ஏதோவொரு பாட்டு. இவை மட்டமான இசை இல்லை; ஒலிப்பதிவு என்று பார்த்தால் அருமையானவை. சிக்கலே அதில்தான் இருக்கிறது. நாலைந்து வாத்தியங்கள், இடையிடையே தாராளமான மௌனம், வாயருகே மைக் வைத்துப் பிடித்த குரல், அவ்வப்போது வயிற்றில் வந்து இடிக்கும் ஒரு டிரம் அடி: இந்தச் சேர்மானத்தைச் சுமாரான ஸ்பீக்கர்கூடக் கேட்பவர் வாய்பிளக்கும்படி வாசித்துவிடும். பட்டுச்சேலை எடுப்பவர்கள் கடை விளக்கை நம்பாமல் சேலையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். ஆடியோ கடையில் மட்டும் விளக்கைப் பிடிக்கும் வேலையையும் கடைக்காரரிடமே விட்டுவிடுகிறோம். ஒரு கருவியின் தரத்தைக் காட்ட எடுக்கும் இசை, அந்தக் கருவி தடுக்கி விழ வாய்ப்புள்ள இசையாக இருக்கவேண்டும் என்பது என் வாதம்.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தில் ஆய்வாளராக இருந்த ஷான் ஆலிவ், ஸ்பீக்கர்களின் குறைகளை எந்த ஒலிப்பதிவு எளிதாகக் காட்டிக்கொடுக்கிறது என்று 1994-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். எல்லா அதிர்வெண்களையும் நிரப்பும் 'பிங்க் நாய்ஸ்' என்ற இரைச்சல் முதலிடத்தில் நின்றது வியப்பில்லை. இசையில் முன்னால் வந்தது டிரேசி சாப்மனின் 'ஃபாஸ்ட் கார்'; குரலும் கிட்டாரும் பேஸும் டிரம்ஸும் சேர்ந்த, வானொலியில் சலிக்கச் சலிக்க ஒலித்த ஒரு பாப் பாட்டு. தனி வாத்தியங்களும் வெறும் பேச்சும் பின்தங்கின. காரணம் எளியது. ஸ்பீக்கரின் குறை எப்போதும் ஏதோ ஓர் இடத்தில் குடியிருக்கிறது. பெட்டியின் பலகை 300 ஹெர்ட்ஸ் பக்கம் தானும் அதிர்ந்து கூடப் பாடலாம். உச்ச ஒலிகளைத் தரும் ட்வீட்டர் 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் அளவுக்கு மேல் உரக்கலாம். அந்த இடத்தைத் தொடாத இசை அந்தக் குறையை எழுப்பாது. பிங்க் நாய்ஸ் எல்லா இடத்தையும் எப்போதும் தொட்டுக்கொண்டிருக்கிறது. நிறைவான வாத்தியக் கூட்டமும் ஏறக்குறைய அதையே செய்கிறது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலும் பிறகு ஹார்மனிலும் பணியாற்றிய ஃபிளாய்ட் டூல் இன்னொன்றையும் கண்டார். ஒற்றை ஸ்பீக்கரில் மோனோவாகக் கேட்கும்போது குறைகள் துலக்கமாகத் தெரிகின்றன. இரண்டாவது ஸ்பீக்கர் சேர்ந்ததும், பாடகர் நடுவில் நிற்கிறார், வயலின் இடப்பக்கம் என்ற மாயத்தில் காது லயித்துவிடுகிறது. ஆயினும் எந்தக் கடையிலும் ஒரு ஸ்பீக்கரின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு வாசித்துக் காட்டமாட்டார்கள்.

விளக்கைக் கடைக்காரர் பிடிக்கும் கலை புதிதும் இல்லை. 1915 முதல் எடிசன் நிறுவனம் அமெரிக்க ஊர்களில் ஒரு நிகழ்ச்சி நடத்திவந்தது. மேடையில் 'டயமண்ட் டிஸ்க்' போனோகிராஃபும் அதன் பக்கத்தில் ஒரு பாடகியும். பாடகி பாடிக்கொண்டே இருப்பார்; விளக்கு அணையும்; மறுபடி எரியும்போது மேடையில் இயந்திரம் மட்டும் பாடிக்கொண்டிருக்கும். வித்தியாசமே தெரியவில்லை என்று கூட்டம் கைதட்டியது. அந்த நிகழ்ச்சிகளில் பாடிய ஆனா கேஸ், இயந்திரத்தின் ஒலிக்கு ஏற்பத் தன் குரலை அமைத்துப் பாடியதாகப் பல ஆண்டுகள் கழித்து ஒப்புக்கொண்டார். குரலை மட்டுமா பொருத்தினார்கள்? நிகழ்ச்சியின் தேர்வே பொருத்தம்தான். மின்சார மைக் வருவதற்கு முந்தைய அந்தப் பதிவுமுறைக்குத் தாழ்ந்த ஒலிகள் பிடிபடாது. தனிக் குரலும் வயலினும் புல்லாங்குழலும் பிடிபடும். முழு ஆர்க்கெஸ்ட்ராவைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்துப் போட்டி நடத்தியிருந்தால் சங்கதி முதல் நிமிடத்திலேயே வெளியாகியிருக்கும்.

பிறகு ஸ்டீரியோ வந்தது. ஆடியோ ஃபிடெலிட்டி நிறுவனம் 1957-இல் கொண்டுவந்த ஸ்டீரியோ இசைத்தட்டில் ஒரு பக்கம் டிக்ஸிலாண்ட் ஜாஸ், மறுபக்கம் ரயில் சத்தம். 1959-இல் ஈனாக் லைட் வெளியிட்ட 'பெர்சுவேசிவ் பெர்கஷன்' தாளக்கருவிகளை இடமும் வலமுமாகப் பந்தாடியது. அமெரிக்காவில் விற்பனையில் முதலிடம் பிடித்தது. டெலார்க் நிறுவனம் 1979-இல் வெளியிட்ட சாய்க்கோவ்ஸ்கியின் '1812' இசைத்தட்டில் நிஜப் பீரங்கிகள் வெடித்தன. ஸ்பீக்கர் பழுதாகலாம் என்ற எச்சரிக்கை உறையிலேயே இருந்தது, அந்த எச்சரிக்கையே நல்ல விளம்பரமாகவும் ஆனது. இவற்றை ஏமாற்று என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. ஸ்டீரியோ என்றால் என்னவென்றே தெரியாதவருக்கு அதை உணர்த்த, ரயில் அறையின் குறுக்கே ஓடித்தான் ஆகவேண்டும். ஒரு புதிய நுட்பம் என்னென்ன செய்யும் என்று காட்ட வித்தை போதும். இந்தக் கருவி அந்தக் கருவியைவிட எவ்வளவு மேல், சொல்லும் விலைக்குத் தகுமா என்று கேட்கும்போது வித்தை வாய் திறக்காது.

தனிக் குரலால் எந்தப் பயனும் இல்லை என்றும் இதற்குப் பொருளில்லை. ஒவ்வொரு குறைக்கும் அதைக் காட்டிக்கொடுக்கும் இசை வேறு. எம்பி3 முறையை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சுசான் வேகா துணை வாத்தியமே இல்லாமல் பாடிய 'டாம்ஸ் டைனர்' பாட்டைத் தன் நுட்பம் சிதைத்துவிடுவதைக் கண்டு, அதையே மறுபடி மறுபடி கேட்டுத் திருத்தினார். ஒலியைச் சுருக்கும்போது உண்டாகும் இரைச்சலை ஆர்க்கெஸ்ட்ரா மறைத்துவிடும். மறைக்க எதுவுமில்லாத ஒற்றைக் குரலால் முடியாது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1988-இல் சோதனைக்கென்றே வெளியிட்ட தட்டில் காஸ்டனெட் என்ற கட்டைத்தாளம் இடம்பெற்றதும் இதே கணக்கில்தான்: சட்டென்று எழுந்து அடங்கும் ஒலி, நேரம் பிசகினால் உடனே காட்டிவிடும். ஆகவே ஸ்பீக்கர் தன் நிறத்தை ஒலியில் கலக்கிறதா என்று பார்க்க நிறைவான கூட்டிசை. பதிவு சுருக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கத் தனிக் குரல்.

இந்தக் கோணத்தில் நம் கர்நாடகக் கச்சேரி கவனிக்கத்தக்க சோதனைப் பொருள். தம்புராவின் வளைந்த பாலமும் ஜீவாளி நூலும் சேர்ந்து மீட்டிய ஸ்வரத்தோடு ஏராளமான மேலோசைகளை எழுப்புவதை சி.வி. ராமன் 1921-இல் ஆராய்ந்து எழுதினார். கச்சேரி முழுக்க ஓயாமல் பரந்து நிற்கும் அந்த நாதம், பிங்க் நாய்ஸ் செய்யும் வேலையில் ஒரு பங்கை இசையாகவே செய்கிறது. ட்வீட்டர் கொஞ்சம் உரத்தாலும் தம்புரா கம்பியாக மட்டும் கேட்கும். மங்கினால் வெறும் ரீங்காரமாகும். மிருதங்கமோ இரண்டு வாத்தியங்களுக்குச் சமம். வலது முகமான வலந்தலையில் பூசிய கரணை, தோலில் பிறக்கும் மேலோசைகளை ஒழுங்குக்குக் கொண்டுவருவதையும் ராமன் 1920-இலேயே சுட்டிக்காட்டியிருந்தார். இடது முகமான தொப்பியில் வாசிப்பவர் கையை அழுத்தி நகர்த்தும்போது எழும் கும்கியில் சுருதி வழுக்கிச் செல்லும். பேஸை ஊதிக் காட்டும் ஸ்பீக்கரில் அந்த வழுக்கல் காணாமல் போய், எந்தக் கும்கியும் ஒரே 'தொம்' ஆகிவிடும். மேலே வயலின், நடுவே குரல், குறுக்கே கடத்தின் கூர்மையான அடி. பீரங்கியைச் சமாளித்த ஸ்பீக்கர் இங்கே திணறலாம்.

சபாவுக்குப் போகிறவர்கள் இதற்கு ஒரு மறுப்புச் சொல்வார்கள், அது வலுவான மறுப்பு. மைக் இல்லாத கச்சேரியை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? சபாவில் கேட்பதும் ஸ்பீக்கர் வழியாகத்தான். மிருதங்கத்தின் 'உண்மையான' ஒலி என்று நினைவில் இருப்பது, ஒலியமைப்பாளர் ட்ரெபிளைத் தூக்கிவைத்த ஒலியாகவே இருக்கலாம். சினிமாப் பாட்டில் நிலைமை இன்னும் மோசம். சிந்தசைசரில் பிறந்த ஒலிக்கு மூலமே கிடையாது. டூல் இதைக் 'குழப்ப வட்டம்' என்றார்: ஸ்பீக்கர்களில் கேட்டுக் கேட்டுப் பாட்டைக் கலக்கிறார்கள், அந்தப் பாட்டை வைத்து ஸ்பீக்கரை எடைபோடுகிறார்கள், தப்பு யாருடையது என்று தெரிவதில்லை. அசலைப் பக்கத்தில் நிறுத்துவதுதான் நேர்வழி. அமெரிக்காவின் அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டெட் கலைஞர்களையும் தன் ஏஆர்-3 ஸ்பீக்கர்களையும் ஒரே மேடையில் வைத்து மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்தது. கடைக்கு அது ஆகிற காரியமில்லை. ஆனால் ஒரே பாட்டை இரண்டு கருவிகளில் மாற்றி மாற்றிக் கேட்கலாம். பதிவில் உள்ள கோளாறு இரண்டிலும் வரும். ஒன்றில் மட்டும் வருவது கருவியினுடையது. சுமாரான பதிவைப் போட்டால் பழி கருவி மேல் விழுமே என்று விற்பவர் அஞ்சுவதற்கும் இதுவே விடை. தனியாகக் கேட்டால்தான் அந்தப் பழி விழும்.

மாற்றிக் கேட்பதிலும் இரண்டு பொறிகள் உண்டு. கொஞ்சம் உரக்க ஒலிப்பது எப்போதும் மேலாகத் தோன்றும். ஒலி குறையும்போது காது பேஸைத்தான் முதலில் தவறவிடுகிறது என்று ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். ஆகவே உரத்த கருவி 'நிறைவாக' இருப்பதாகப் படுவது காதின் இயல்பு. அளவைச் சமமாக்காமல் செய்யும் ஒப்பீடு வீண். இன்னொரு பொறி கண். டூலும் ஆலிவும் 1994-இல் 40 பேரிடம் நான்கு ஸ்பீக்கர்களை முதலில் திரைக்குப் பின்னால் வைத்தும் பிறகு காட்டியும் மதிப்பெண் கேட்டார்கள். மறைத்தபோது கௌரவமான மதிப்பெண் வாங்கிய சிறிய, மலிவான ஸ்பீக்கர், உருவம் தெரிந்ததும் கீழே இறங்கியது.

இசை ஆய்வுக்கூடத்துக்கு உரியதா, ரசிக்க வந்தவரைக் குறை தேட வைப்பதா என்று கேட்கலாம். ரசிப்பதற்காகத்தான் இவ்வளவும். வாங்குகிறவர் வீட்டில் ஸ்வீடன் ஜாஸ் கேட்கப்போவதில்லை. விஸ்வநாதன்-ராமமூர்த்தியையோ இளையராஜாவையோ கேட்பார். விஸ்வநாதன்-ராமமூர்த்தியின் அறுபதுகளின் மோனோ பதிவுகளில் இரைச்சல் உண்டு, உச்ச ஒலிகள் குறைவு. அவற்றைக் கேட்கமுடியாமல் ஆக்கும் கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் அந்த வீட்டுக்கு ஆகாது. அதனால் சொந்தப் பாட்டை எடுத்துச் செல்வதே சரி. ஒரு எச்சரிக்கை மட்டும்: காரிலும் பழைய ரேடியோவிலும் பழகிய காதுக்கு நேர்மையான ஒலி முதலில் சப்பென்று தோன்றும். பிடித்த ஒரு பாட்டோடு முடிவுக்கு வராமல், வெவ்வேறு காலத்து ஐந்தாறு பாடல்களைக் கேட்டபிறகு எழும் கருத்துக்குத்தான் மதிப்பு.

இப்படியெல்லாம் தேர்ந்தாலும் ஒன்றைக் கடையில் அறியமுடியாது: பேஸ். தாழ்ந்த ஒலிகளை ஸ்பீக்கரைவிட அறைதான் அதிகம் தீர்மானிக்கிறது. நான்கு மீட்டர் நீளமுள்ள அறை 43 ஹெர்ட்ஸ் அளவில் தானே ஒத்ததிர்ந்து அந்த ஒலியை ஓரிடத்தில் பெருக்கும், இன்னோரிடத்தில் விழுங்கும். நம் செங்கல், கான்கிரீட் சுவர்களும் டைல்ஸ் தரையும் அந்த ஆற்றலை எளிதில் வெளியே விடுவதில்லை. ஈகிள்ஸ் பாட்டின் அந்த டிரம் அடி கடையில் அவ்வளவு கச்சிதமாக விழுந்தது கடை அறையின் அளவால், அங்கே தொங்கும் தடித்த திரையால், நாற்காலியைப் போட்ட இடத்தால். விற்பனையில் அதிகம் உதவும் ஒலி, வீட்டுக்கு உறுதியாகக் கூடவராத ஒலி. பேஸைப் பற்றிய தீர்ப்பை, ஸ்பீக்கரைச் சில நாள் வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்கக் கொடுக்கும் கடைக்குத் தள்ளிவைப்பது நல்லது.