மூச்சின் பாதை – 12: கிருமி உண்டு, காசநோய் இல்லை

போடிநாயக்கனூரில் விடியலிலேயே ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் ஏராளம். அவர்களில் ஒருவருக்கு இருமல் இரண்டு வாரம் தாண்டினால் சளிப் பரிசோதனை அவசியம். 'ஏ.எஃப்.பி. பாசிட்டிவ்' என்று சீட்டு வந்துவிட்டால் வீடே கலங்கிப்போகும். டிபிதான் என்று முடிவுகட்டிவிடுவார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் எல்லோருக்கும் அல்ல.

அந்தச் சீட்டு சொல்வது இவ்வளவுதான்: சாயமேற்றி, அமிலத்தால் கழுவிய பிறகும் நிறம் போகாத கிருமி சளியில் தெரிந்தது. காசநோய்க் கிருமிக்கு அந்தக் குணம் உண்டு. மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் அதன் உறவுக் கிருமிகளுக்கும் உண்டு. இவைதாம் என்.டி.எம்., அதாவது காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா. பழைய மருத்துவக் குறிப்புகளில் 'எடிபிக்கல்', 'மாட்' என்றிருந்தாலும் இதே கூட்டம்தான்.

தமிழ்நாட்டுக்கு இவை புதியவை அல்ல. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியின் மாபெரும் சோதனை தொடங்கியது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயைத் தடுப்பூசி தடுக்கவில்லை என்ற முடிவு உலகையே அதிரவைத்தது. அங்குள்ள மக்கள் ஏற்கெனவே இந்தச் சுற்றுப்புறக் கிருமிகளுக்குப் பழகியிருந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். பின்னர் அதே பகுதியின் மண், தண்ணீர், தூசி, மக்களின் சளி எல்லாவற்றிலிருந்தும் இவற்றைப் பிரித்தெடுத்தார்கள்.

சளியில் கிருமி தெரிந்தும் சிபிநாட் என்னும் மரபணுப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இல்லை என்று வந்தால், என்.டி.எம். ஆக இருக்குமோ என்று மருத்துவர் யோசிப்பார். விடை, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரில் கிடைக்கும். அதிலும் 'என்.டி.எம்.' என்று மட்டும் எழுதினால் போதாது. போடி ஏல மையத்தில் அளவும் நிறமும் பார்க்காமல் ஏலக்காய்க்கு விலை படியாததைப் போல, இனம் தெரியாமல் மருந்து படியாது. 'மேக்' எனப்படும் ஏவியம் கூட்டத்துக்கு அசித்ரோமைசின் போன்ற மருந்தோடு ரிஃபாம்பிசின், எத்தாம்பியூட்டால் சேரும். 'கன்சாசி' ரிஃபாம்பிசினுக்கு நன்றாகக் கட்டுப்படும். 'அப்செஸ்ஸஸ்' ஏழு நாளுக்குள் கல்ச்சரில் வளர்ந்துவிடும். ஆனால் ஊசி மருந்துகள் வரை போனாலும் எளிதில் அடங்காது.

ஒரு முறை கிருமி தெரிந்ததாலேயே அது நோயாகிவிடாது. கிருமி சும்மா தங்கியிருப்பதை 'காலனைசேஷன்' என்பார்கள். தொல்லைகள் இருக்க வேண்டும், எக்ஸ்ரேயிலோ சி.டி.யிலோ மாற்றம் தெரிய வேண்டும். வெவ்வேறு நேரத்தில் எடுத்த இரண்டு சளி மாதிரிகளிலாவது அதே கிருமி வளர வேண்டும். அப்போதுதான் அது நோய். 'மேக்' நோய்க்கு, சளியில் கிருமி மறைந்த பிறகும் குறைந்தது 12 மாதம் மருந்து தொடரும்.

என்.டி.எம். பொதுவாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவதில்லை. தட்டையும் டம்ளரையும் தனியே ஒதுக்கவே வேண்டாம். டிபிக்கும் அது தேவையில்லை. பழைய டிபியால் தழும்பேறிய நுரையீரலும் விரிந்துபோன மூச்சுக்குழாயும் உள்ளவர்களையே என்.டி.எம். அதிகம் தாக்குகிறது. அவர்கள் மீண்டும் இருமத் தொடங்கினால், சிகிச்சையை மறுபடி ஆரம்பிக்கும் முன் கல்ச்சர் அனுப்பச் சொல்லி மருத்துவரிடம் கேட்கலாம்.

(அடுத்த வாரம்: விரிந்த மூச்சுக்குழாய்)