நெய்வேலி: மின்சாரச் சட்டம் பயில்வோர் நிலச் சட்டத்திலிருந்து தொடங்குக

மந்தாரக்குப்பத்தைச் சுற்றியுள்ள சுரங்கங்களிலிருந்து வரும் பழுப்பு நிலக்கரி மின்சாரமாக மாறுவதை எந்தச் சட்டம் ஆள்கிறது? 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் என்பார் சட்ட மாணவர். என்.எல்.சி. ஒன்றிய அரசின் நிறுவனம். ஆகவே அதன் மின்கட்டணத்தை அச்சட்டத்தின் 79ஆவது பிரிவின்படி மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கிறது. பொதுமக்கள் ஆட்சேபம் தெரிவிக்க 64ஆவது பிரிவு இடமளிக்கிறது. ஆனால் அங்கே விவாதிக்கப்படுவது ஒரு யூனிட்டின் விலை. சுரங்கத்துக்கு வயல் போனதால் கூலி வேலையை இழந்தவர் அந்த விவாதத்துக்குள் வருவதில்லை. அவரைப் பற்றிய சட்டம் வேறு அலமாரியில் இருக்கிறது.

ஆற்றல் சட்டத்தைப் பல்கலைக்கழகத்தில் பயில விரும்பும் நம் மாணவர்கள் முதலில் திறக்க வேண்டியது அந்த அலமாரியைத்தான். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டம், 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்பதை நிலவுடைமையாளரோடு நிறுத்தவில்லை. கையகப்படுத்தலுக்கு முந்தைய மூன்றாண்டுகள் அப்பகுதியில் உழைத்து, அதையே முதன்மை வாழ்வாதாரமாகக் கொண்ட விவசாயக் கூலிகளையும் குத்தகைதாரரையும் வாரக்காரரையும் 3(இ) பிரிவு சேர்த்துக்கொள்கிறது. தலித்துகளில் பெரும்பகுதியினர் நிலமற்ற உழைப்பாளர்களாயிருக்கும் தமிழகத்தில் இது சிறிய விஷயமன்று. இரண்டாம் அட்டவணைப்படி அத்தகைய குடும்பத்துக்கு, திட்டம் வேலைகளை உருவாக்கினால் ஒருவருக்கு வேலை, அல்லது 5 லட்சம் ரூபாய், அல்லது 20 ஆண்டுகளுக்கு மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாத தொகை உண்டு.

சிக்கல் இதன்பிறகே தொடங்குகிறது. நெய்வேலியில் நிலம் எடுக்கப் பயன்பட்டு வந்திருப்பது தமிழக அரசின் 1997ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டம். அதை 2013 சட்டத்தின் பிடியிலிருந்து விலக்க, 105-ஏ என்ற பிரிவைத் தமிழக அரசு சேர்த்தது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விலக்கைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டில் அரசு புதுச் சட்டம் இயற்றி, முன்தேதியிட்டு அதற்கு உயிரூட்டியது. 2021 ஜூன் 29 அன்று ஜி. மோகன்ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. இதே விலக்கு ஆதிதிராவிடர் மனைகளுக்கு நிலமெடுக்கும் 1978ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் தரப்பட்டது. 'அரிசன நலம்' என்று இன்னமும் தலைப்பில் தாங்கிநிற்கும் சட்டம் அது. நமக்கு வீட்டுமனை தரும் சட்டமும் நம் பிழைப்பிடத்தைத் தொழிலுக்கு எடுக்கும் சட்டமும் ஒரே பட்டியலில் அமர்ந்திருக்கின்றன. ஆகவே 'விலக்கு வேண்டாம்' என்று மொத்தமாகச் சொல்லிவிடுவதும் எளிதன்று.

விலக்கினால் இழப்பீடும் மறுவாழ்வு அட்டவணைகளும் போய்விடவில்லை. போனது சமூகத் தாக்க மதிப்பீடு. எத்தனை குடும்பங்கள் பாதிக்கப்படும் என்று ஊரில் கணக்கெடுத்து, பொதுவிசாரணை நடத்தும் கட்டம் அதுவே. இடம்பெயரும் பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு வளர்ச்சித் திட்டம் வகுக்கச் சொல்லும் 41ஆவது பிரிவும் உடன் போயிற்று. பட்டா உள்ளவரை வருவாய்த்துறை ஆவணம் காட்டிவிடும். நாற்று நட்டவரை எந்த ஆவணம் காட்டும்? உரிமை அட்டவணையில் இருக்கிறது. உரியவரைக் கண்டறியும் வழி இல்லை.

2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக விளைந்த நெற்பயிர் மீது இயந்திரங்கள் ஏறியபோது, பயிருக்கான இழப்பீடு நீதிமன்றம் வரை பேசப்பட்டது. அறுவடைக்கு இறங்கவிருந்தவர்களின் கூலி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை.

ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவருக்கு இங்கே வேலை காத்திருக்கிறது. நிலமெடுப்பு நடந்த ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து, பாதிக்கப்பட்ட குடும்பங்களின் பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம். அதில் நிலமற்றோர் எத்தனை பேர் என்பதைச் சேரியில் வீடுவீடாக எடுக்கும் கணக்கோடு ஒப்பிடலாம்.