"முறைச்சுப் பார்த்தான், குத்திட்டேன்": கொலைக்கு பின்னால் இருப்பது என்ன? ஜெயிலில் விடை தேடிய டாக்டர்

"முறைச்சுப் பார்த்தான், குத்திட்டேன்." "மரியாதை இல்லாம பேசினான், வெட்டிட்டேன்." கொலை வழக்குகளில் சொல்லப்படும் இந்த மாதிரி காரணங்களை கேட்டால், 'இதுக்கெல்லாமா ஒரு உயிரை எடுப்பாங்க?' என்று தோன்றும். ஆனால் இந்த அற்ப காரணத்துக்கு உள்ளேதான் வன்முறையின் வேர் இருக்கிறது என்று சொன்னவர் அமெரிக்காவைச் சேர்ந்த டாக்டர் ஜேம்ஸ் கில்லிகன்.

இவர் குற்றவாளிகளுக்கான மனநல நிபுணர். கைதிக்கு மனநோய் உண்டா, வெளியே விட்டால் ஆபத்தா என்று சோதித்து கோர்ட்டுக்கும் ஜெயிலுக்கும் சொல்வது இந்த டாக்டர்களின் வேலை.

ஹார்வர்டு மருத்துவ கல்லூரியில் பணியாற்றிய கில்லிகன், மசாசூசெட்ஸ் மாநில ஜெயில்களின் மனநல பிரிவுக்கு தலைவராக இருந்தார். 1970-களில் அந்த ஜெயில்களில் கலவரம், கொலை, தற்கொலை என்று ரத்தம் ஓடியது. மற்றவர்கள் நெருங்கவே பயந்த கைதிகளோடு இவர் உட்கார்ந்து பேசினார்.

அவமானம்தான் விதை

ஒரு கைதி வார்டர்களை தாக்கிக்கொண்டே இருந்தான். சலுகைகளை பறித்தார்கள், தனிச்சிறையில் அடைத்தார்கள். அடி நிற்கவில்லை. 'எல்லாத்தையும் இழந்து அப்படி எதைத்தான் தேடுறே?' என்று டாக்டர் கேட்டார். மானம், மரியாதை, அதுக்காக யாரையும் கொல்வேன் என்பதுதான் அவன் சொன்ன பதிலின் சாரம்.

கைதிக்கு கைதி கேட்டபோதும் இதே பதில்தான். மரியாதைக்குறைவு என்ற ஆங்கில வார்த்தையை அவர்கள் 'டிஸ்' என்று சுருக்கியே வைத்திருந்தார்களாம். அந்த அளவுக்கு அது அடிக்கடி வாயில் வந்த வார்த்தை.

அவமானப்பட்ட எல்லோரும் கத்தி எடுப்பது இல்லையே? அதற்கும் அவர் விளக்கம் தருகிறார். மானத்தை மீட்க வேறு வழியே இல்லை என்று நினைப்பவன், அடுத்தவன் வலி மனதில் உறைக்காதவன், இவர்களிடம்தான் அவமானம் கொலைவெறியாக மாறுகிறது. கொடூர குற்றவாளிகள் பலர் சின்ன வயதில் சாகும் அளவுக்கு அடிபட்டவர்கள் என்பதையும் அவர் கண்டார். 1996-ல் இவற்றை புத்தகமாக எழுதினார்.

ஜெயிலில் நடந்த சோதனை

கருத்து சரிதானா என்று பார்க்க ஒரு வாய்ப்பு வந்தது. 1997-ல் சான்பிரான்சிஸ்கோ ஜெயிலில் புது திட்டம் தொடங்கியது. வன்முறை வழக்கில் சிக்கிய சுமார் 60 பேர் ஒரே கூடத்தில். காலை முதல் இரவு வரை வகுப்பு, குழு விவாதம். வன்முறையால் பாதிக்கப்பட்டவர்களே நேரில் வந்து தங்கள் வேதனையை சொன்னார்கள். கைதிகள் தலைகுனிந்து கேட்டார்கள். ஆனால் யாரும் அவர்களை கேவலப்படுத்தவில்லை.

கில்லிகனும் டாக்டர் பாண்டி லீயும் இதை ஆய்வு செய்து 2005-ல் முடிவை வெளியிட்டனர். 4 மாதம் வகுப்பில் இருந்தவர்கள் விடுதலைக்கு பிறகு வன்முறை வழக்கில் மீண்டும் கைதாவது, வழக்கமான ஜெயிலில் இருந்தவர்களைவிட 80 சதவீதத்துக்கு மேல் குறைவு.

'அப்போ கொலைகாரனை தடவிக் கொடுக்கணுமா?' என்று கேட்கலாம். இல்லை. ஆபத்தானவனை அடைத்து வைக்கத்தான் வேண்டும் என்கிறார் கில்லிகன். பூட்டி வைப்பது ஊருக்கு பாதுகாப்பு. பூட்டிய இடத்தில் அவமானப்படுத்துவது, ஏற்கனவே எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவது. தண்டனை முடிந்ததும் அந்த ஆள் திரும்பி வருவது நாம் நடக்கும் அதே தெருவுக்குத்தான்.