எலிக்குள் மனிதச் செல்

மனித ஸ்டெம் செல்லைச் சாதாரணச் சுண்டெலிக்கு ஊசியில் ஏற்றினால், அதன் நோய் எதிர்ப்பு மண்டலம் அந்நியச் செல்களை விரைவிலேயே தீர்த்துக்கட்டிவிடும். எலிக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஆபத்து இல்லை என்று இதற்குப் பொருளல்ல. ஆபத்து தலைகாட்ட நேரமே கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதனால்தான் ஸ்டெம் செல் சிகிச்சையின் பாதுகாப்புச் சோதனைக்கு எதிர்ப்புச் சக்தி குன்றிய எலிகளைத் தேடுகிறார்கள். தைமஸ் சுரப்பியும் ரோமமும் இல்லாத 'நியூட்' சுண்டெலி ஒன்று. நோய் எதிர்ப்புக்கான டி செல், பி செல் இரண்டும் அற்றுப்போன 'ஸ்கிட்' சுண்டெலி இன்னொன்று. வடிகட்டிய காற்றும் கிருமி நீக்கிய தீனியும் இல்லாவிட்டால் இவை பிழைப்பது கடினம்.

அஞ்சுவது டெரட்டோமா என்ற கட்டிக்கு. 1998-இல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் குழு மனிதக் கரு ஸ்டெம் செல்களைப் பிரித்து வளர்த்தது. அவை எந்தத் திசுவாகவும் மாறவல்லவை என்பதற்கு அவர்கள் காட்டிய சாட்சியே ஸ்கிட் எலிக்குள் வளர்ந்த இந்தக் கட்டிதான். அறுத்துப் பார்த்தால் ஓரிடத்தில் குருத்தெலும்பு, அருகே குடலின் உட்படலம், இன்னோரிடத்தில் தசை. ஆய்வகத்தில் இது நற்சான்று. நோயாளியின் முதுகுத்தண்டில் விபரீதம்.

ஆகவே ஸ்டெம் செல்லை அப்படியே ஏற்றுவதில்லை. வேண்டிய செல்லாக மாற்றிய பிறகே ஊசி. மாறாமல் சில செல்கள் ஒட்டிக்கொண்டிருந்தால்? அதற்கும் ஒரு சோதனை உண்டு: மாறாத செல்களை எண்ணி வேண்டுமென்றே கலந்து, எத்தனை இருந்தால் கட்டி வருகிறது என்று பார்ப்பார்கள். இந்தக் கணக்கு இல்லாமல் 'கட்டி வரவில்லை' என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன். செல்கள் போட்ட இடத்தில்தான் நிற்கின்றனவா என்பதும் கேள்வி. மனித மரபணுவில் லட்சக்கணக்கில் திரும்பத் திரும்ப வரும் 'ஆலு' வரிசையை எலியின் நுரையீரல், கல்லீரல் என்று உறுப்பு உறுப்பாகத் துழாவிக் கண்டுபிடிப்பார்கள்.

கலிபோர்னியாவின் ஜெரான் நிறுவனம் முதுகுத்தண்டுக் காயத்துக்கான சிகிச்சைக்காக இப்படி 24 விலங்காய்வுகளை முடித்து, 2009 ஜனவரியில் மனிதர்களிடம் சோதிக்க அனுமதி பெற்றது. ஆகஸ்டில் எல்லாம் நின்றது. இன்னொரு ஆய்வில், காயம்பட்ட இடத்தில் நுண்ணிய நீர்க்கட்டிகள் தெரிந்திருந்தன. டெரட்டோமா அல்லதான், ஆனாலும் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விடவில்லை. விட்டிருந்தால்தான் தவறு. செல்களின் தூய்மையை அளக்கப் புது அளவுகோல்கள் வகுத்து, மறுபடி எலிகளில் பார்த்த பிறகே 2010 ஜூலையில் தடை நீங்கியது. அக்டோபரில் அட்லாண்டாவில் முதல் நோயாளிக்கு ஊசி. அளவு 20 லட்சம் செல்கள்.

மறு ஆண்டே ஜெரான் செலவைக் காரணம் காட்டி விலகிக்கொண்டது. ஆனால் எலியின் ஆயுளே இரண்டு, மூன்று ஆண்டுதான் என்பதால், சிகிச்சை பெற்ற ஐந்து பேரையும் 15 ஆண்டுகள் கண்காணிப்பது என்று முன்பே முடிவாகியிருந்தது. பத்தாண்டுக் கண்காணிப்பின் அறிக்கை 2022-இல் வெளியானது. செல்களால் கட்டி எதுவும் வரவில்லை.